தரைத்தளச் சமையலறைக்கு மாடுலர் கிச்சன்: கடப்பா கல்லை உடைக்க வேண்டுமா?

பள்ளிக்கரணையில் தரைத்தள பிளாட், பத்துக்கு எட்டு சமையலறை, பில்டர் போட்டுக் கொடுத்த கடப்பா கல் தட்டுகள். வீட்டைப் புதுப்பிக்கும் கையோடு மாடுலர் கிச்சன் போட நினைக்கிறீர்கள். கம்பெனிக்காரர் எச்.டி.எச்.எம்.ஆர். போர்டு என்கிறார், தெரிந்த ஆசாரி மரைன் ப்ளைவுட் என்கிறார், மூன்றாமவர் பி.வி.சி. போட்டால் தண்ணீர்ப் பயமே இல்லை என்கிறார். எது நல்லது, கல்லை உடைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது என்று கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. இவ்வளவு பணம் போட்டுச் செய்தபின் இன்னொரு முறை அப்படி வந்தால் என்ன மிஞ்சும்? அதை வைத்தே பதில் சொல்கிறேன். நான் சென்னையில் உள் அலங்கார வேலை எடுத்துச் செய்கிறவன். மர வேலையில் தொடங்கியவன் என்பதால் பேச்சு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்.

முதலில் கல். உடைக்காதீர்கள். மாடுலர் விற்கிறவர்கள் கடப்பா கல்லைப் பழைய காலத்துச் சமாச்சாரம் போலப் பேசுவார்கள், ஏனென்றால் கல் இருக்கும் இடத்தில் அவர்களுடைய பெட்டி நுழையாது, பெட்டி நுழையாவிட்டால் பில் பாதியாகிவிடும். உங்கள் வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான கீழ்ப்பகுதி கிடையாது. கரையான் தொடாது, ஊறாது, வெள்ளம் வடிந்ததும் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். வெள்ளம் வந்துபோன வீடுகளில் நான் பார்த்தது இதுதான்: எம்.டி.எப். என்ற மரநார் போர்டில் செய்த பெட்டிகள் அடியிலிருந்து ரொட்டி போல ஊதிக்கிடக்கும், லேமினேட் தனியாகப் பிரிந்து தொங்கும். பக்கத்து வீட்டில் கல்லும் கதவும் மட்டும் இருந்த சமையலறையில் கதவை மாற்றியதோடு வேலை முடிந்துவிடும்.

ஆனால் கல்லை வைத்துக்கொள்வது சுலபமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நிற்கும் கல் எதுவும் தூக்குக்குண்டுக்கு நேராக இருக்காது. இரண்டு நிற்கும் கல்லுக்கு நடுவில் உள்ள ஒரே அறையின் மேல் அகலத்துக்கும் கீழ் அகலத்துக்கும் அரை அங்குலம் வித்தியாசம் வருவது சர்வசாதாரணம். அதனால் ஒவ்வொரு திறப்பையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் சிறிய அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இழுத்தால் வெளியே வரும் கம்பிக் கூடை போடுவதாக இருந்தால் கணக்கு இப்படிப் போகும். திறப்பு 22 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடை ஓடுகிற தண்டவாளமான சேனலை நேராகக் கல்லில் அடிக்க முடியாது, இரண்டு பக்கமும் முக்கால் அங்குலத்தில் ஒரு பட்டி வேண்டும். மிச்சம் இருபதரை. டெலஸ்கோபிக் சேனல் பக்கத்துக்கு அரை அங்குலம் சாப்பிடும். மிச்சம் பத்தொன்பதரை. கடையில் கூடைகள் 15, 17, 19, 21 என்ற அகலங்களில்தான் பெரும்பாலும் கிடைக்கும், ஆக உங்களுக்கு 19 அங்குலக் கூடை. அரை அங்குல இடைவெளியைப் பட்டிக்குப் பின்னால் சின்னத் துண்டு கொடுத்து நிரப்ப வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் கூடையை முன்கூட்டியே வாங்கிவிட்டுப் பிறகு கல்லை இழைக்கச் சொல்கிற வீடுகள் நிறைய. கல் இழைக்கும் தூசி வீடு முழுக்கப் படியும், தவிர விரிசலும் விடும்.

நடுவில் படுக்கையாக இருக்கும் தட்டை எடுக்கலாம். டிராயரோ கூடையோ வருகிற அறைகளில் எடுத்துத்தான் ஆக வேண்டும். நிற்கும் கல்லை மட்டும் யார் சொன்னாலும் தொடவிடாதீர்கள், மேடையின் கிரானைட் பாரம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. ஆழத்தையும் பாருங்கள். இருபது அங்குல சேனல் உள்ளே போய்க் கதவும் மூட வேண்டும். பின்சுவரில் தண்ணீர்க் குழாய் வெளியே ஓடியிருந்தால் அந்த அறைக்குப் பதினெட்டு அங்குல சேனல்தான் போடமுடியும்.

இனி பலகைக்கு வருவோம். மூன்று பேரும் சொன்னதில் முழுப்பொய் எதுவும் இல்லை, அவரவர் வசதிக்குப் பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். எச்.டி.எச்.எம்.ஆர். என்பது ஈரப்பதத்தைத் தாங்கும் அடர்த்தியான போர்டு. முகம் சமமாக இருக்கும், வளையாது, கதவுக்கு அருமையான பொருள். அக்ரிலிக், மெம்பரேன் போன்ற பளபளப்பான மேல் ஒட்டுகள் எல்லாம் அதன்மேல் அழகாக உட்காரும். ஈரப்பதத்தைத் தாங்குவது வேறு, இரண்டு நாள் தண்ணீரில் நிற்பது வேறு. இரண்டாவதற்கு அதை யாரும் செய்யவில்லை. வாட்டர் ப்ரூஃப் என்ற சொல்லை விற்பனையாளர் வாயால் சொல்வார், பில்லில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

பி.வி.சி. போம் போர்டு தண்ணீரில் ஊறாது என்பது உண்மை. கரையானும் வராது. அதன் பலவீனம் ஸ்குரூ. கீல் ஸ்குரூ அதில் மரத்தைக் கவ்வுவது போலக் கவ்வாது. கதவைத் தினமும் திறந்து மூட, ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக் கதவு தொங்க ஆரம்பிக்கும். நீளக் கதவாக இருந்தால் வில் போல வளையவும் செய்யும். அடுப்புக்கு ஒட்டிய பக்கம் சூட்டுக்கு இளகும். அடர்த்தி குறைந்த போர்டில் இதெல்லாம் சீக்கிரம் நடக்கும், நல்ல அடர்த்தியில் தாமதமாக நடக்கும். அதனால் இதை சிங்க் அடிப் பகுதிக்கும், ஓர் அடி ஒன்றரை அடி அகலமுள்ள சின்னக் கதவுகளுக்கும், கல்லின் மேல் அடிக்கும் பட்டிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை முழுவதையும் அதில் செய்யச் சொன்னால் நான் மறுப்பேன்.

மரைன் ப்ளைவுட் என்று ஆசாரி சொல்வது பி.டபிள்யூ.பி. தரம், இந்தியத் தர எண் ஐ.எஸ். 710. கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் போட்டும் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. ஐ.எஸ். 303 என்பது பொது உபயோக ப்ளைவுட்டுக்கான எண், பி.டபிள்யூ.ஆர். என்று கடையில் விற்பது அந்த எண்ணில் வருவது. அதன் கொதிநீர்ச் சோதனை இவ்வளவு கடுமையானதல்ல. சமையலறையின் உலர்ந்த பகுதிக்கு, மேல் அலமாரிக்கு, பி.டபிள்யூ.ஆர். தாராளமாகப் போதும். தரையிலிருந்து இரண்டரை அடி வரை நான் 710-க்குக் குறைந்து போகமாட்டேன். சிக்கல் என்னவென்றால் 710 என்று அச்சடித்ததெல்லாம் 710 அல்ல. ஷீட்டின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தத் தரத்துக்கு உரிமம், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். கடையிலேயே நின்று பார்த்துவிடலாம். முத்திரையையே திருடி அடிப்பவர்களும் உண்டு என்பதால், அறுத்த துண்டு ஒன்றை வாங்கிவந்து அரை நாள் கொதிக்கவிடுங்கள். பிரியாவிட்டால் அது மரைன் என்று நிரூபணம் ஆகிவிடாது. பிரிந்துவிட்டால் அது மரைன் இல்லை என்பது நிச்சயம். அறுத்த ஓரத்தையும் பாருங்கள். நடு அடுக்கில் சந்து தெரிந்தால், அங்கே விழும் ஸ்குரூ பிடிக்காது.

நல்ல ப்ளைவுட்டும் வெள்ளத்தில் நனையத்தான் செய்யும். உலர்த்தினால் பெரும்பாலும் பிழைக்கும், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். பிழைக்குமா என்பதைப் பலகையைவிட ஓரம்தான் தீர்மானிக்கிறது. முகத்தில் ஒரு மில்லிமீட்டர் லேமினேட் ஒட்டியிருக்கும், அதன் வழியாகத் தண்ணீர் நுழையாது. நுழைவதெல்லாம் அறுத்த விளிம்பில். கம்பெனி வேலையில் விளிம்பை மூடும் பட்டியான எட்ஜ் பேண்டை மெஷினில் சூடான பசையால் ஒட்டுவார்கள், சந்து தெரியாது. தளத்தில் ஆசாரி கையால் ஒட்டுவது ஆளைப் பொறுத்தது. கதவின் அடி விளிம்பு யார் கண்ணுக்கும் தெரியாது என்பதால் அங்கே பேண்ட் ஒட்டாமல் விட்டுவிடுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். தரையிலிருந்து நான்கு அங்குலத்தில் நிற்கும் கதவுக்குத் தினமும் வீடு துடைக்கும் ஈரமே போதும், வெள்ளம்கூட வேண்டாம். கதவு மாட்டியபின் கையை அடியில் விட்டுத் தடவுங்கள். சொரசொரவென்று மரம் தட்டுப்பட்டால் அதைக் கழற்றி ஒட்டித் தரச் சொல்லுங்கள். கீல் கிண்ணத்துக்குத் தோண்டும் 35 மில்லிமீட்டர் குழியும் அப்படித்தான். சிங்க்குக்குக் கீழ் வரும் கதவுகளில் அந்தக் குழிக்குள் ஒரு கோட் சீலர் அடிக்கச் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

கீல், சேனல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹெட்டிக், புளூம், ஹாஃபலே, எப்கோ என்று பெயருள்ள எதையாவது எடுங்கள், அவற்றுக்குள் எது உயர்ந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. கீலின் வளைவை மட்டும் சரியாகக் கேட்டு வாங்க வேண்டும். கதவு பக்கப் பலகையை முழுக்க மூடினால் நேர்க் கீல், ஒரே பலகையை இரண்டு கதவுகள் பங்கிட்டால் அரை வளைவு, கதவு பலகைக்கு உள்ளே அடங்கினால் முழு வளைவு. கடப்பா கல்லில் கதவு மாட்டும்போது இந்தக் குழப்பம் அதிகம் வரும், ஏனென்றால் கல்லின் கனம் ப்ளைவுட்டின் கனமாக இருக்காது. ஒரே ஒரு கதவை மாட்டிப் பார்த்துவிட்டு மிச்சக் கீல்களை வாங்கச் சொல்லுங்கள்.

கூடைகளுக்கு எஸ்.எஸ். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எல்லோரும் சொல்வார்கள். காந்தம் வைத்துக் காட்டி, ஒட்டவில்லை பாருங்கள் என்பார்கள். மலிவான 202 தர ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது, ஆகவே அந்த வித்தை எதையும் காட்டாது. இரண்டையும் பிரித்துச் சொல்லும் சோதனைத் திரவம் ஸ்டீல் கடைகளில் வைத்திருப்பார்கள், ஒரு சொட்டு விட்டால் நிறம் காட்டும். கடற்காற்று அடிக்கும் ஊரில் 304-கூடச் சில வருடத்தில் டீக்கறை போலப் புள்ளி வைக்கும், அது துடைத்தால் போகும். 202-இல் வருவது உண்மையான துரு.

கூடை வாங்கும் முன் உங்கள் பாத்திரங்களை ஒருமுறை கீழே இறக்கி அளந்து பாருங்கள். கடைக்காரர் கட்லரி, கப் அண்ட் சாசர், தட்டு, ப்ளெயின் என்று கூடை வகைகளை வரிசையாக எழுதிக்கொண்டே போவார். நம் வீடுகளில் இட்லிக் குண்டானும் ஐந்து லிட்டர் குக்கரும் எட்டு அங்குலக் கூடையில் மூடியோடு நிற்காது. அவற்றுக்குக் கூடையே வேண்டாம், கல் தட்டின் மேலேயே வைத்துக் கதவு போட்டால் போதும். கப் அண்ட் சாசர் கூடையில் சாசரை நிறுத்தி வைக்கிற வீட்டை நான் இதுவரை பார்க்கவில்லை. கிரைண்டருக்கு மேடையிலேயே நிரந்தர இடம் ஒதுக்குங்கள். கீழே வைத்துத் தூக்கிக்கொள்ளலாம் என்று திட்டம் போடுகிற எல்லோரும் மூன்றாம் மாதம் பாக்கெட் மாவுக்கு மாறிவிடுகிறார்கள்.

மேடை உயரம் 32-லிருந்து 34 அங்குலம் என்பது பொதுக்கணக்கு. சமைக்கிறவர் முழங்கையை மடக்கி நின்றால் முழங்கைக்கு நான்கிலிருந்து ஆறு அங்குலம் கீழே மேடை வர வேண்டும். மேடைக்குள் பதிக்கும் ஹாப் வாங்குவதா, மேலே வைக்கும் ஸ்டவ்வா என்பதை இதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். மேலே வைக்கும் ஸ்டவ் தானே ஐந்தாறு அங்குலம் ஏறிக்கொள்ளும், அதன்மேல் குக்கர் ஏறினால் கிண்டுகிறவர் தோளைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உங்களுக்கு மேடை ஏற்கெனவே இருக்கிறது, எனவே இருக்கிற உயரத்துக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்.

சிலிண்டரைச் சமையலறையிலேயே வைப்பதானால் மேடைக்குக் கீழே அது நிற்கும் அறைக்கு அடிப்பலகை வேண்டாம். சிலிண்டர் நிமிர்ந்து தரையில் நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். ஆகவே கதவில் காற்றுத் துளைகள் அடியோடு ஒட்டி வர வேண்டும். அழகுக்காக மேலே மட்டும் ஜாலி வைப்பதால் பயனில்லை. ரப்பர் குழாயைச் சுவருக்குள்ளோ பலகைக்குப் பின்னாலோ மறைக்காதீர்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வேலை வரிசையைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை. பிளம்பிங்கும் எலக்ட்ரிக்கல் பாயிண்டும் முதலில், அடுத்து டைல்ஸ், அதற்குப் பிறகுதான் அலமாரிக்கு அளவு. டைல்ஸ் ஒட்டுமுன் அளவெடுத்துப் பெட்டி செய்துவிட்டால் அரை அங்குலம், முக்கால் அங்குலம் இடித்துக்கொண்டு நிற்கும். கிரைண்டர், மிக்ஸி, ஓவன், குடிநீர் மெஷின் எங்கே உட்காரும் என்று சுவரில் சாக்பீஸால் வரைந்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஓவனுக்கு 16 ஆம்ப் பாயிண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் தரைப்பக்க பாயிண்ட் எதுவும் வேண்டாம், எல்லாம் மேடைக்கு மேலேயே வரட்டும்.

மேல் அலமாரியை மாட்டும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஆறு மில்லிமீட்டர் பின்பலகையில் நான்கு ஸ்குரூ அடித்துவிட்டுப் போவார்கள். அதில் பருப்பு டப்பாக்களையும் பீங்கானையும் அடுக்கினால் பாரம் முழுக்க அந்த மெல்லிய பலகையில் நிற்கும். பக்கப் பலகைகளில் மாட்டும் தொங்கு பிராக்கெட்டோ, பின்னால் 18 மில்லிமீட்டரில் ஒரு குறுக்குப் பட்டியோ கட்டாயம் வேண்டும். சுவர் செங்கல்லா, ஏ.ஏ.சி. என்ற லேசான கான்கிரீட் பிளாக்கா என்று துளையிடும்போது வரும் தூளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். செந்தூள் வந்தால் சாதாரண பிளக் போதும். வெள்ளையாக மாவு போலக் கொட்டினால் அந்தச் சுவருக்கென்று உள்ள ஆங்கர் வாங்க வேண்டும். மேலே கான்கிரீட் லாஃப்ட் இருந்தால் அதிலும் இரண்டு ஸ்குரூ ஏற்றிவிடலாம். சிம்னிக்கும் அடுப்புக்கும் இடையே 26-லிருந்து 30 அங்குலம் விடுவது வழக்கம், வாங்கிய சிம்னியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. ஆறு அங்குலக் குழாய்க்கு வளைவுகள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

கதவெல்லாம் மாட்டியபின் இடைவெளி ஒன்றுபோல இல்லை என்று கவலைப்படாதீர்கள். கீலில் உள்ள ஸ்குரூக்களைத் திருப்பினால் கதவு பக்கவாட்டில், முன்பின்னாக, மேலும் கீழுமாக நகரும். ஒரு ஸ்குரூ டிரைவரோடு பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாக் கோடும் நேராகும். பாரம் ஏறி மூன்று மாதம் ஆனபின் கொஞ்சம் இறங்கும், அப்போது இன்னொரு முறை திருப்ப வேண்டும். இதை ஆசாரியிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், இதற்காக அவரைப் போனில் துரத்த வேண்டியிராது.

கொட்டேஷனை ஒப்பிடும்போது சதுர அடி ரேட்டை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். பத்து அடி நீளம், இரண்டரை அடி உயரம் என்றால் முன்பக்கம் 25 சதுர அடி. ஒருவர் அந்த 25-க்குப் பெட்டி, கதவு, கீல் எல்லாம் சேர்த்து ரேட் சொல்வார். இன்னொருவர் பெட்டிக்கு ஒரு 25, கதவுக்குத் தனியாக ஒரு 25, ஹார்டுவேர் வேறு என்பார், ரேட் குறைவாகத் தெரியும். எதை எப்படி அளக்கிறார், ப்ளைவுட் என்ன தரம், உள்பக்க லேமினேட் எத்தனை மில்லிமீட்டர், கீல் என்ன கம்பெனி, லாஃப்ட் கதவு சேர்த்தியா என்று எழுதி வாங்குங்கள். பணத்தில் ஒரு பங்கைக் கூடைகளில் சாமான் ஏற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பின்பு கொடுப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஆக உங்கள் வீட்டுக்கு நான் போடும் திட்டம்: கீழே கல் அப்படியே, 710 ப்ளைவுட்டில் கதவுகள், ஸ்குரூவைக் கழற்றினால் தனியாக வந்துவிடும்படி கூடைகள், சிங்க்குக்குக் கீழ் பி.வி.சி. கதவு. மழை எச்சரிக்கை வந்தால் கதவுகளையும் கூடைகளையும் அரை நாளில் கழற்றி மேடைமேல் ஏற்றிவிடலாம். மேலே பி.டபிள்யூ.ஆர். பெட்டி, எச்.டி.எச்.எம்.ஆர். கதவு; அழகுக்கான செலவையெல்லாம் கண்ணுக்கு நேரே இருக்கும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். கதவுக்கும் தரைக்கும் இடையே உள்ள சந்தை ஸ்கர்ட்டிங் பட்டி அடித்து மூடாதீர்கள், அதற்குப் பின்னால் சேறு தங்கும், கரையான் ஏறுவதும் தெரியாது.

நேரில் பார்க்காமல் சொல்ல முடியாதது ஒன்றுதான். சிங்க்குக்குப் பின்சுவரில் அடியில் பெயிண்ட் பொரிந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது வெள்ளத்தின் மிச்சமாக இருக்கலாம், அல்லது சுவருக்குள் குழாய் கசியலாம். மோட்டாரை நிறுத்தி, வீட்டில் ஒரு குழாயும் திறக்காமல், ஃபிளஷ்கூட அழுத்தாமல் இரவு முழுக்க விட்டு, மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். தொட்டி எல்லோருக்கும் பொது என்றால் பிளம்பரைக் கூப்பிட்டு உங்கள் லைனுக்கு மட்டும் பிரஷர் டெஸ்ட் வையுங்கள். கசிவு என்றால் அதை முடித்து, சுவர் காய்ந்தபின் அளவெடுக்கக் கூப்பிடுங்கள்.